பட்டாளத்தம்மாவும் சிரட்டை கட்டிய குதிரையும்

மதுரைத் தெருக்கள் சுற்றிச் சுற்றி வருவதால் வழி தவறியவர்களைவிட, பட்டாளத்தம்மாவிடம் சற்று நேரம் பேசிவிட்டு வழி தவறியவர்கள்தான் அதிகம். அதில் முதல் ஆள் நான். யுத்த காலம் முழுக்க அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளாவது எனக்கு முழுசாக விளங்கியதாக ஞாபகம் இல்லை.

காளவாசலில் அப்போது இன்றைக்கு இருக்கிற கடைகளும் இல்லை, நெரிசலும் இல்லை. செங்கல் சூளைகளும் புகையும்தான். ஊரை விட்டுத் தள்ளி அங்கே போய் யாராவது வீடு கட்டுவார்களா? பட்டாளத்தம்மா கட்ட வைத்திருந்தார். குதிரை ஓட இடம் வேண்டுமாம். மனிதர்கள் நடமாட இடம் இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. கூடத்தைவிட லாயம் பெரிது.

நான் ஒரு சௌராஷ்டிர முதலாளியின் சாயக் கடையில் குமாஸ்தா. வீடு கேட்டுப் போனபோது, சொந்த ஊர் எது, கல்யாணம் ஆச்சா, சுத்த சைவமா என்று ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

"சாயக் கடையா? நீலம் கெடைக்குமா?"

"யுத்தம்லம்மா. சீமைச் சாயம் வரத்தே இல்ல. எப்பவாச்சும் கொஞ்சம் வரும்."

"வாரப்ப மொதல்ல எனக்குச் சொல்லணும். மாடியில இருந்துக்க. ஒண்ணே ஒண்ணு, கேப்டனுக்குச் சத்தம் ஆகாது. காலையில கொள்ளு சாப்பிட்டதும் நின்னுக்கிட்டே கொஞ்சம் கண்ணசருவாக. படியில தடதடன்னு எறங்காத."

வீட்டுக்காரர் பட்டாளத்தில் பெரிய அதிகாரி என்று எடுத்துக்கொண்டேன். கொள்ளு உடம்புக்கு நல்லது. நின்றுகொண்டே தூங்குவது பட்டாளப் பழக்கமாக இருக்கும். மறுநாள் காலை கிணற்றடியில் காக்கி டவுசர் போட்ட ஒருவர் குதிரைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, கேப்டன் எந்திரிச்சுட்டாரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் குதிரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "எந்திரிச்சுட்டாரு தம்பி. குளிச்சுக்கிட்டு இருக்காரு" என்றார்.

அவர்தான் வீட்டுக்காரர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். கேப்டன் என்பது குதிரை. புருஷனுக்கு மேலே இருக்கிற பதவியைக் குதிரைக்குக் கொடுத்திருந்தார் அம்மா. சுபேதாருக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. தினமும் ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் தேய்க்கவே ஆரம்பிப்பார்.

இந்தக் கதையெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் தொடங்கியது. கல்யாணமான கையோடு சுபேதார் அம்மாவைப் பட்டாள ஊர்களுக்குக் கூட்டிப்போய்விட்டார். பெங்களூர், பூனா, பெஷாவர் என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். சுபேதாருக்குக் கோவேறு கழுதைகளைப் பழக்கும் வேலை. அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மனைவிக்குப் பொழுது போகவில்லை. துணைக்கு வந்த தமிழ்ப் பெண்ணைக் குதிரையில் ஏற்றிவிட்டாள், ஏறினவர் இறங்கவில்லை. பிறகு தூரிகையைக் கையில் கொடுத்தாள். அதையும் கீழே வைக்கவில்லை. கடைசியில் பட்டாளம் கழித்துவிட்ட ஒரு செந்நிறக் குதிரையோடு ரயிலில் வந்து மதுரையில் இறங்கினார்கள். சுங்குடிச் சேலைக்குள்ளே சுபேதாரின் பழைய காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு அம்மா குதிரைமேல் வர, சுபேதார் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு நடந்து வந்தாராம். பட்டாளத்துக்குப் போய் வந்தது இந்த இரண்டு பேரில் யார் என்பதில் காளவாசலில் கடைசிவரை இரண்டு கட்சி இருந்தது.

படம் என்றால் குதிரைப் படம்தான். வேறு எதைப் போட உட்கார்ந்தாலும் பாதி வழியில் அது குதிரையாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் முருகன் படம் கேட்டார். மயிலுக்குப் பிடரி வைத்துக் கொடுத்தார். சூளைக்காரர் ஒருவர், செத்துப்போன தன் அப்பாவுக்குப் போட்டோ இல்லை என்று அடையாளம் சொல்லி வரையச் சொன்னார். நீண்ட முகம், அகலமான மூக்குத் துவாரம், நெற்றியில் கேப்டனுக்கு இருப்பதுபோல ஒரு வெள்ளைக் கீற்று. சூளைக்காரர் வெகுநேரம் பார்த்தார். "அப்பா மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்று சொல்லிவிட்டு எடுத்துப்போனார். திவசத்தன்று அதற்கு மாலை போட்டுப் படைத்தார்கள். படையலில் கொஞ்சம் கொள்ளும் இருந்ததாகக் கேள்வி.

எனக்குப் பெண் பார்க்க சமயநல்லூர் போனபோது, பெற்றவர்கள் இல்லாத எனக்குப் பெரிய மனுஷியாக அவர்தான் வந்தார். பெண் பலகாரத் தட்டோடு வந்து நின்றாள். அம்மா எழுந்து அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நடை நல்லாருக்கு. கழுத்து நிமிந்து நிக்கிது. வாயத் தொற தாயி, பல்லப் பாப்போம்" என்றார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் போன போக்கைப் பார்த்து நான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடினேன்.

பெண் மட்டும் அசையவில்லை. "நான் தொறக்குறேன். மாப்பிள்ளையையும் தொறக்கச் சொல்லுங்க. அவருக்கு எம்புட்டுப் பல்லு இருக்குன்னு நானும் பாக்கணும்ல."

என்ன செய்வது என்று தெரியாமல் நான் வாயைத் திறந்தேன். "இந்தப் புள்ளதான்" என்று அம்மா அங்கேயே முடிவு செய்துவிட்டார். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர் அவர். கண் மங்கிய காலத்தில்கூட என் பேரன் வாயில் விரலை விட்டுப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். இதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும், அந்தப் பல் விஷயத்தை விட்டுவிடச் சொன்னாள் என் மனைவி. விட மனசு வரவில்லை.

யுத்தம் முற்றியதும் கழுதை பழக்குகிறவர்கள் போதவில்லை என்று ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டார்கள். சுபேதார் கிளம்பிவிட்டார். வழியனுப்ப நாங்களும் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா அவருடைய பூட்ஸ் கயிற்றை இழுத்துப் பார்த்தார், பெல்ட்டைச் சரி செய்தார். "கழுதைக்குப் பின்னால நிக்காதீக" என்றார். அவ்வளவுதான். ரயில் போன பிறகும் அவர் பிளாட்பாரத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

பர்மா எல்லைப் பக்கம் போயிருப்பதாகச் செய்தி வந்தது. பிறகு ஜப்பான்காரன் உள்ளே வந்துவிட்டான் என்றார்கள். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. தெருப் பெண்கள் அம்மாவிடம் பேசும்போது கண்ணைப் பார்க்காமல் நெற்றியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டார். சுபேதாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் படம் போடுவதையும் நிறுத்திவிட்டார். நான் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த நீலப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் கீழே இருந்து குரல் வந்தது. "தம்பி, சைக்கிள எடு. கீழக்குயில்குடி போறோம். அய்யனாருக்குக் குதிரை குடுக்கணும்."

"கேப்டனையாம்மா?" என்றேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மண் குதிரைப்பா. நல்லபடியா திரும்பி வந்தா எடுத்து வைக்கிறேன்னு அவுக நேந்துக்கிட்டுப் போனாக."

"அப்ப, வந்ததுக்கு அப்புறம்தானம்மா வைக்கணும்?"

"அய்யனாரு குதிரையேறித்தான காவலுக்குப் போறாரு? குதிரையே இல்லாம அவர எப்படிப் போய்த் தேடச் சொல்ற? மொதல்ல குதிரை. அப்புறம்தான் தேடுறது."

இதில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று, கேப்டன்மேல் போன அம்மாவுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டே யோசித்தேன். கீழக்குயில்குடி போய்ச் சேருகிற வரை எனக்கு அகப்படவில்லை.

சமணர் மலை அடிவாரத்து அய்யனார் கோயிலுக்குக் மண் குதிரை செய்து கொடுப்பவர் அந்த ஊர்க் குயவரான வேளார். அவர் வீட்டு முற்றத்தில் திருவிழாவுக்கான நேர்த்திக் குதிரைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா ஒவ்வொன்றின் காலையும் குனிந்து பார்த்தார்.

"வேளாரே, இதுக்கு முட்டி எங்க?"

"சாமி ஏறப் போகுது தாயி. முட்டி எதுக்கு?"

"முட்டி இல்லாம எப்படி ஓடும்?"

"அது எங்க ஓடுது? நிக்கத்தான போகுது."

"எங்க வீட்டுக்காரரத் தேடிப் பர்மா வரைக்கும் ஓடணும்."

வேளார் முட்டி வைத்துச் செய்தார். கேப்டனை முற்றத்தில் நிறுத்தி, அதைப் பார்த்துப் பார்த்துக் கழுத்தை வளைத்தார், காதை நிமிர்த்தினார். சூளையில் வெந்து வந்தபோது அசல் கேப்டன்தான். அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "சாயம் நான்தான் பூசுவேன்" என்றார். வேளாரும் சரி என்று தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்காகப் பிற்பாடு அவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

சாயம் பூசப் போன அன்று, காளவாசல் செங்கல் பொடியைப் பசையில் குழைத்துச் செந்நிறம் தயார் செய்திருந்தோம். விளக்குக் கரியில் கறுப்பு, சுண்ணாம்பில் வெள்ளை, கழுத்து மணிகளுக்கு என் நீலம். வேளார் சாப்பிடப் போயிருந்தார். நான் குதிரைக்கு நேர் எதிரே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா நேரே கறுப்பைத் தொட்டுக் குதிரையின் கண்ணை எழுதினார். கண் சரியாக வந்துவிட்டால் மிச்சக் குதிரை தானாக வரும் என்பது அந்த வெள்ளைக்காரி சொல்லிக்கொடுத்த பாடம். இரண்டு கண்ணும் எழுதி, நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்தார். குதிரை என்னைப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன்.

வேளார் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர், பார்த்த மாத்திரத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ன காரியம் பண்ணிட்டீக தாயி."

"கண்ணு எழுதுனேன்."

"அதான் தெரியுதே."

குதிரைக்குக் கண் திறப்பது என்பது கடைசி வேலை. திருவிழா அன்று, பூசை போட்டு, வேளார்தான் திறக்க வேண்டும். திறந்தால் உயிர் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அது சாமியுடைய குதிரை. இது மதுரைப் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். பெஷாவரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா தூரிகையைப் பிடித்த பிடியில் மறந்துபோனேன்.

ஊர் கூடிவிட்டது. யாரும் குதிரையின் பார்வையில் படக் கூடாது என்று எல்லாரும் பின்பக்கமாகவே நடந்து வந்தார்கள். அம்பலக்காரர், அதாவது ஊருக்குப் பெரியவர், அவரும் அப்படியே வந்து ஒரு ஆட்டுக்குட்டிமேல் தடுக்கினார். பஞ்சாயத்து முழுக்க எல்லாரும் குதிரைக்கு முதுகு காட்டிக்கொண்டு, எதிரே இருந்த மண்சுவரைப் பார்த்தே பேசினார்கள். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை.

"கண்ணு தொறந்த குதிரை மொதல்ல எதப் பாக்குதோ, அதுக்குத்தான் அய்யனாரு காவல். எங்க ஊருக் கணக்கு அது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார் அம்பலக்காரர். "அதனாலதான் ஊரப் பாக்க நிறுத்தி வச்சுத் தொறப்போம். இது இப்ப எதப் பாத்துச்சு?"

வேளார் என் திசையில் கையைக் காட்டினார். "இந்தச் சாயக் கடைத் தம்பிய."

அம்மாவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. பர்மாக் காட்டில் எங்கேயோ கிடக்கிற மனுஷனுக்குப் போக வேண்டிய காவல், தினமும் சைக்கிளில் கடைக்குப் போய்வருகிற எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவனக் காவல் காத்து என்ன ஆகப் போகுது" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

கண்ணைச் சுரண்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அம்மா குதிரைக்கு முன்னால் போய் நின்றார். கையில் சவுக்கு இருந்தது. "குதிரைக் கண்ணுல எவனாச்சும் கை வச்சுப் பாருங்க" என்றார். சுரண்டாவிட்டால் நேர்ச்சை செல்லாது. சுரண்டினால் அது குருட்டுக் குதிரை. புருஷனுக்காகக்கூட ஒரு குதிரையைக் குருடாக்க அவரால் முடியவில்லை. சவுக்கைப் பிடித்துக்கொண்டே கண் கலங்கினார். 

வேளார்தான் கேட்டார். "தாயி, சாயம் காஞ்சிருச்சா?"

"ஈரம்தான்."

"அப்ப இன்னும் பாக்கல. பொறந்த நாய்க்குட்டிக்குக் கண்ணு இருக்கும், பார்வை இருக்காதுல்ல? காயறதுக்குள்ள மறைச்சுட்டா, தொறக்காத கண்ணு மாதிரித்தான்."

அம்பலக்காரர் சுவரைப் பார்த்தபடியே, செல்லும் என்றார். ஆனால் துணி பட்டால் ஈரச் சாயம் அழிந்துபோகுமே? அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதில்லையா, கண்ணில் ஒட்டாமல் குழிவாக? தோல் ஆகாது என்றால் சிரட்டை ஆகும். ஒரு வீட்டிலிருந்து இரண்டு தேங்காய்ச் சிரட்டை வந்தது. அம்மா தன் முந்தானையைக் கிழித்து இரண்டு கண்ணுக்கும் சிரட்டையை வைத்துக் கட்டினார். ஊர் மெல்லத் திரும்பிப் பார்த்தது. கொட்டை கொட்டையாகப் பெரிய கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி நின்றது குதிரை.

திருவிழா அன்று மற்றக் குதிரைகளெல்லாம் கண் திறந்துகொண்டு புறப்பட்டன. எங்களுடையது சிரட்டையோடு புறப்பட்டது. தூக்கியவர்களில் நானும் ஒருவன். கண் கட்டிய குதிரை பழகின குரலைக் கேட்டுக்கொண்டே வந்தால்தான் மிரளாது என்று சொல்லி, அம்மா அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே பேசி வந்தார். "மேடு வருது, பாத்து. இப்படி வாங்க. காலு வலிச்சா நின்னு வாங்க. இந்த ஆத்தத் தாண்டிட்டாப் போதும், காடு முடிஞ்சிரும்." நாங்களும் அவர் சொன்னபடியே கால் எடுத்து வைத்தோம். கொஞ்ச தூரம் போனதும்தான் எனக்கு உறைத்தது: கீழக்குயில்குடிப் பாதையில் ஆறும் கிடையாது, காடும் கிடையாது. தோளில் இருந்த பாரம் அதற்கப்புறம் எனக்குத் தெரியவில்லை.

கோயிலில் இறக்கி வைத்ததும் வேளார் கட்டை அவிழ்க்க வந்தார். அம்மா தடுத்தார். "அவுக வந்து தொறக்கட்டும். மொதல்ல அவுகளத்தான் பாக்கணும்."

"கண்ணக் கட்டி வச்சா அய்யனாரு எப்படிம்மா தேடுவாரு?" என்று நான் கேட்டேன்.

"நல்ல குதிரைக்குக் கண்ணு எதுக்கு? கேப்டன் கண்ணக் கட்டி விட்டுப் பாரு, நேரா வீட்டுக்கு வந்துருவாக."

அப்படியானால் கண்ணைச் சுரண்டக் கூடாது என்று ஏன் அத்தனை பாடு? கேட்கவில்லை. அம்பலக்காரருக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டா, இல்லையா என்று தெரியவில்லை. "நிக்கட்டும்" என்றார்.

நின்றது. வெயிலில் செங்கல் நிறம் வெளுத்தது, மழையில் நீலம் வழிந்தது. ஆடு மேய்க்கிறவர்கள், களை எடுக்கப் போகிறவர்கள் எல்லாம் காளவாசல் பக்கம் வந்தால் அம்மாவிடம், "வந்துட்டாகளா தாயி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். காளவாசலில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது. "வந்துக்கிட்டு இருக்காக" என்பார் அம்மா.

யுத்தம் முடிகிற சமயத்தில் சுபேதார் வந்து சேர்ந்தார். ஸ்டேஷனில் இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். காட்டுக்குள்ளே எத்தனையோ ஊர் சுற்றி வந்தாராம். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். பல்லைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. ஜட்காவில் ஏறச் சொன்னார்.

"ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு" என்று இழுத்தார் சுபேதார்.

"வந்து குடிச்சுக்கலாம். மொதல்ல கீழக்குயில்குடி."

வழியெல்லாம் நான் சிரட்டை விவகாரத்தை அவருக்கு விளக்கினேன். சுபேதார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெளங்கல தம்பி" என்றார். அந்த வீட்டில் எனக்கு ஒரு துணை திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது.

கோயிலில் வேளார் காத்திருந்தார். அம்மா சுபேதாரைத் தோளைப் பிடித்துக் குதிரைக்கு நேர் எதிரே நிறுத்தி, இப்படியும் அப்படியும் திருப்பி, முகத்தில் இருந்த கரியை முந்தானையால் துடைத்தார். "நீ தள்ளி நில்லு. போன தரம் நீதான் கெடுத்த" என்று என்னை ஓரமாக விரட்டினார். அப்புறம் தானும் குதிரைக்குப் பின்னால் போய்விட்டார்.

"நீங்களும் முன்னால நில்லுங்க தாயி. ரெண்டு பேரையும் சேத்துப் பாக்கட்டும்" என்றார் வேளார்.

"வேணாம். என்னையும் பாத்தா கவனம் ரெண்டாப் போயிரும். அவுகள மட்டும் பாக்கட்டும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சுபேதார் கட்டை அவிழ்த்தார். குதிரை முழுக்க வெளுத்துப்போயிருந்தும், சிரட்டைக்கு உள்ளே இருந்த கண் மட்டும் அன்றைக்கு எழுதினது போலவே இருந்தது. அது அவரைப் பார்த்தது. அவர் நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். அப்படியே இறக்காமல் நின்றார்.

அந்த மண் வயிற்றுக்குக் கீழே சுங்குடிச் சேலையின் கரையும் இரண்டு பாதங்களும் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன. பாதங்கள் வெகுநேரம் அசையவில்லை. அம்மா அந்தப் பக்கம் அழுதாரா, சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வீட்டில் எனக்கு விளங்காமல் போன எத்தனையோ விஷயங்களில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். இரண்டு அடி நகர்ந்திருந்தால் பார்த்திருக்கலாம். நான் நகரவில்லை.